வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா?

இந்தக் கேள்வியை அனுப்பியவர் சென்னையில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். அம்மா ஆசிரியை, அக்கா ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் கேட்டதன் சாரம் இது: "பெண்களுக்கு இலவசப் பஸ் இருக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, சொத்தில் சம பங்குக்குச் சட்டமே இருக்கிறது. எங்கள் வீட்டில் அக்காவை யாரும் அடக்கி வைக்கவில்லை. அப்புறம் ஆணாதிக்கம், அன்றாடப் பாகுபாடு என்கிறார்களே, இன்றைய சென்னையில் அது எங்கே இருக்கிறது? இருந்தால் என்னைப் போன்ற ஆண் என்ன செய்யலாம்?"

நேர்மையாகக் கேட்டிருக்கிறார், நானும் நேராகவே சொல்கிறேன். நான் வழக்கறிஞர். பெரும்பாலும் குடும்பச் சொத்து, ஜீவனாம்சம், விவாகரத்து வழக்குகள். வேலையிடத்தில் வரும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவில், சில நிறுவனங்களுக்கு வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். நீங்கள் கேட்கும் விஷயம் என் மேஜைக்குத் தினமும் வருகிறது. உங்களை நோக்கி அது வருவதில்லை என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அதை அடையாளம் காண நான் வைத்திருக்கும் வழி எளிமையானது. ஒரு பெண் எங்கே போய் நின்றாலும் அவளுக்குப் பொறுப்பான ஆள் யார் என்று தேடுவார்கள். அப்பாவா, அண்ணனா, வீட்டுக்காரரா, மகனா? அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போகும். பின்னால் யாரும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அவளே விளக்கம் சொல்ல வேண்டும். அடி, உதை, கொலை என்று செய்தியாகும் கொடுமைகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. செய்தியே ஆகாமல் நடப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் பக்கம் தனியாக வாடகை வீடு தேடும் பெண்ணோடு ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள். என் கட்சிக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது முப்பதைத் தாண்டியவர், நல்ல சம்பளம், அட்வான்ஸ் பணம் கையிலேயே இருக்கிறது.

"எத்தனை பேரும்மா?"

"நான் மட்டும்தான் சார்."

"கல்யாணம்?"

"இன்னும் ஆகலை."

"அப்பா எங்க இருக்கார்?"

"திருநெல்வேலியில."

"அவர் நம்பரைக் கொடுத்துட்டுப் போம்மா. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

வாடகை கொடுக்கப் போவது அவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதும் அவர். பேச்சு மட்டும் அப்பாவோடு. பையன்களுக்கும் வீடு கிடைப்பது சிரமம்தான், மறுக்கவில்லை. பேச்சுலர்களுக்குக் கிடையாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய ஆணிடம் அப்பா நம்பர் கேட்கும் ஹவுஸ் ஓனரை நான் இதுவரை பார்த்ததில்லை. குடி வந்த பிறகும் ஓயாது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி கேப் இரண்டு மணிக்கு இறக்கிவிட்டால் காலையில் கீழ்வீட்டு அம்மா, "நேத்து ரொம்ப லேட்டா?" என்று கேட்பார். அதட்டல் எதுவும் கிடையாது, அக்கறையாகத்தான் கேட்பார். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதையே ஏசி ரிப்பேர் செய்ய வருபவர் "சார் இருக்காரா மேடம், அவர்கிட்ட சொல்லிடறேன்" என்பார். கார் ஷோரூமில் பணம் கட்டுகிற மனைவியை விட்டுவிட்டு, சும்மா கூட வந்த கணவரிடம் மைலேஜ் பற்றி விளக்குவார்கள். வீட்டு வரி, இபி, குழாய்ச் சண்டை, எதற்குப் போனாலும் "வீட்ல ஆம்பளை யாரும் இல்லையா?" தான். விதவைகள், பிரிந்து வாழ்பவர்கள், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர்கள் இதற்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பதில் சொல்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

சலுகைகளுக்கு வருகிறேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதை எல்லாரும் டிக்கெட் காசு மிச்சம் என்று பார்க்கிறார்கள். காசு மிச்சம் உண்மைதான். கையில் சம்பளம் இல்லாத பெண்ணுக்கு அதைவிடப் பெரியது இன்னொன்று. பஸ்ஸுக்குக் காசு கேட்டால் "எங்கே போறே, எதுக்கு, எப்ப வருவே" என்று வரிசையாக வரும். வியாசர்பாடியிலிருந்து எழும்பூரில் பிரசவமாகிக் கிடக்கும் அக்காவைப் பார்க்க ஒரு பெண் யாரிடமும் கை நீட்டாமல் போய்வர முடிகிறது என்றால், அந்த ஒரு விசாரணை அவள் வாழ்க்கையிலிருந்து போயிருக்கிறது. ஆனால் 2022-ல் ஒரு அமைச்சரே மேடையில் அதை 'ஓசி' என்றார். கோவையில் மூதாட்டி ஒருவர் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குவேன் என்று கண்டக்டரிடம் நின்றதும் அப்போதுதான். ரேஷன் அரிசியும் உரமானியமும் வாங்கும் ஆண்களை யாரும் இப்படி முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்ததில்லை. சலுகை கொடுக்கும் இடத்தில்கூடப் பெண் கூனிக் குறுகி வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நீங்கள் கேட்ட பாகுபாட்டில் சேர்த்திதான்.

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. வீட்டில் சம்பளமில்லாமல் பெண்கள் செய்யும் வேலைக்கு அங்கீகாரம் என்று அரசே சொல்லித்தான் கொடுக்கிறது. அந்த வேலை எவ்வளவு என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கெடுத்திருக்கிறது. 2024 கணக்குப்படி இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார், ஆண் 88 நிமிடம். 2019-ல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்ணின் வேலை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்ஸி, வாஷிங் மெஷின், வாசலுக்கு வரும் சாமான் என்று எதனால் குறைந்ததோ, ஆண்கள் கை கொடுத்ததால் குறையவில்லை. அவர்கள் நேரமும் சேர்ந்தே குறைந்திருக்கிறது.

சென்னையில் இந்த நிமிடக் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரைப் பாருங்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கு ஏரியும் வறண்டபோது தெருமுனையில் லாரிக்குக் காத்து நின்றது யார்? கலர் கலராகக் குடங்களை வரிசை வைத்துவிட்டு, லாரி பத்து மணிக்கு வருமா இரண்டு மணிக்கு வருமா என்று தெரியாமல் வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்திருந்தது பெண்கள். வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "லாரி வர்ற நாளு நான் வேலை செய்யற வீட்டுக்குப் போகலைன்னா சம்பளத்துல பிடிப்பாங்க. அவரு போகலைன்னாலும் பிடிப்பாங்க. ஆனா யாரு போகக்கூடாதுன்னு எங்க வூட்ல பேசினதே இல்ல." அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் உத்தரவு போடவில்லை, சண்டை நடக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அடக்கி வைக்காத வீடுதான்.

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டா என்பதற்கு நம் ஊர் நீதிமன்றமே 2023-ல் ஒரு பதில் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்து முழுக்கத் தன்னுடையது என்று கணவர் வழக்குப் போட்டார். மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவரால் அந்தப் பணத்தைச் சேர்த்திருக்க முடியாது, அதனால் அவருக்கும் பாதி உரிமை உண்டு என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஒவ்வொரு வழக்கிலும் இது தானாகக் கிடைத்துவிடாது, ஆதாரங்களைப் பொறுத்தது. ஆனாலும் என் கட்சிக்காரப் பெண்களுக்கு இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சொத்துக்கு வந்துவிட்டேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் 'சம பங்குதான் வந்துவிட்டதே' என்று நீங்கள் நிம்மதியாக நினைக்கும் இடம் இதுதான்.

சட்டம் எங்கிருந்து எங்கே வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இது பலருக்கு இன்றுகூடத் தெரியாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள் சம பங்காளியாவதற்குத் தமிழ்நாடு 1989-ல் வழி செய்தது, அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களைத் தவிர்த்து. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, இருந்திருக்கத் தேவையில்லை என்று. கிறிஸ்தவர்களுக்கு வேறு சட்டம், அங்கே மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம்களுக்கு வேறு கணக்கு.

இனி நடப்பு. கொளத்தூர் பக்கம் அப்பா சம்பளத்தில் வாங்கிக் கட்டிய வீடு. அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள், உயில் கிடையாது. இரண்டு அண்ணன், ஒரு தங்கை. இடத்தை பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்து ஃப்ளாட் கட்ட அண்ணன்கள் முடிவு செய்கிறார்கள். தங்கை கையெழுத்து இல்லாமல் பில்டர் கை வைக்க மாட்டார். தங்கை தன் பங்கை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது. அந்தத் தங்கை, ஐம்பதைத் தாண்டிய அம்மா, பத்திர நகலை மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"போடலாமா வேணாமான்னு கேக்க வரலை மேடம். நான் போட்டா, பின்னாடி என் பசங்க யாராவது கேஸ் போட்டு அண்ணனுக்குத் தொல்லை வருமா? அது மட்டும் தெரியணும்."

மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, இன்றைய மார்க்கெட்டில் அது ஒரு முழு ஃப்ளாட் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்துட்டாங்களே" என்றார். நகை பங்கில் கழியாது, அது தனிக் கணக்கு என்றேன். பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பங்கை வாங்கிட்டா அண்ணன் வீட்டு வாசப்படி எனக்கில்லாமப் போயிரும் மேடம். என் பொண்ணு வளைகாப்புக்கு மாமன் வந்து நிக்கணும்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பத்திரத்தில் 'முழு மனதுடன், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி' என்று ஒரு வரி இருந்தது. எல்லா விடுதலைப் பத்திரத்திலும் அந்த வரி இருக்கும். அவரை யாரும் மிரட்டவில்லை என்பதும் உண்மை. இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தன் பங்கை எடுத்துக்கொண்டால் தங்கை உறவு அறுந்துபோகும் என்று அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. அவர் தன் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம், தங்கை பங்கையும் எடுத்துக்கொள்ளலாம், அப்புறமும் வளைகாப்புக்குச் சீர்த்தட்டோடு போய் மரியாதையாக நிற்கலாம். சட்டம் அந்த அம்மாவுக்குச் சொத்தைக் கொடுத்தது. சொத்தை வாங்கினால் பிறந்த வீடு இல்லை என்ற விலையைச் சமூகம் அவருக்கு மட்டும் வைத்திருக்கிறது. ஒரு முறை பதிவாகிவிட்டால் அந்தப் பத்திரத்தை உடைப்பது லேசில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் தெரியவந்த மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் அக்காவுக்குக் கட்டாயம் பயன்படும். குழந்தையில்லாத இந்துப் பெண், கணவரையும் இழந்தவர், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் அது யாருக்குப் போகும்? அவரைப் பெற்ற அம்மா அப்பாவுக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 1956 சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கல்யாணமாகிச் சில மாதத்திலேயே விதவையாகி, புகுந்த வீட்டார் துரத்திவிட, பிறந்த வீட்டார் படிக்க வைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதும் அந்தக் கணவர் வீட்டு உறவுகளுக்கே போனது என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆண் இறந்தால் அவர் சம்பாதித்தது மனைவியைப் பெற்றவர்களுக்குப் போவதில்லை. அதனால் ஓஎம்ஆரில் ஈஎம்ஐ கட்டி ஃப்ளாட் வாங்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் சாவி வாங்கிய வாரமே உயில் எழுதச் சொல்கிறேன். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி கையெழுத்தும் வாங்கினாலே செல்லும். பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது.

வேலை செய்யும் இடம் பற்றி. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் ஜவுளிக் கடைகளில் புடவை விரித்துப் போடும் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். கூட்டம் இல்லாத மத்தியான வேளையிலும் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு, பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதாலேயே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தன. மனிதர் உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த தடவை துணி எடுக்கப் போனால் அந்தச் சட்டப்படி இருக்கை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் பில் போடும் இடத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் காதில் விழும்.

கட்டட வேலையில் பதினெட்டு வயதில் கையாளாக வரும் பையன் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான், அப்புறம் மேஸ்திரி. அதே வயதில் சித்தாளாக வரும் பெண் நாற்பது வயதிலும் சித்தாளாகவே கலவை சுமக்கிறாள். பூச்சு வேலை, டைல்ஸ் வேலையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அத்துபடி. கரண்டியை அவள் கையில் கொடுக்க ஆள் இல்லை. சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தும் கூலி வித்தியாசம் இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறது. வேலையே வேறு என்று காட்டிவிடுகிறார்கள்.

ஏசி ஆபீசில் இதன் உருவம் வேறு. "கல்யாணம் எப்போ? அதுக்கப்புறம் கன்டின்யூ பண்ணுவீங்களா?" என்று இன்டர்வியூவில் கேட்பது, மீட்டிங்கில் ஒரு பெண் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் சொன்னதும் தலையாட்டுவது, ஃபேர்வெல் என்றால் கேக் வாங்கும் பொறுப்பைத் தானாகப் பெண்கள் தலையில் கட்டுவது. இவற்றுக்குப் பெரும்பாலும் சட்டப்பிரிவு கிடையாது. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பாலியல் தொனியுள்ள பேச்சு, தொடுதல், அதை வைத்து வேலையில் மிரட்டுதல் போன்றவற்றுக்குத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர்கள், சின்னக் கடைகளில் இருப்பவர்கள் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். அப்படி ஒன்று இருப்பதே அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லப்படவில்லை.

குழு விசாரணைகளில் எனக்கு மிகவும் வேதனை தருவது குற்றம்சாட்டப்பட்டவரின் மறுப்பு கிடையாது. அவர் மறுப்பார், அது எதிர்பார்த்ததுதான். பக்கத்து சீட்டில் இருந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். புகார் கொடுத்த பெண்ணோடு தினமும் டீ குடிக்கிறவர்கள், அவள் அழுததைப் பார்த்துச் சமாதானம் சொன்னவர்கள், "நான் சரியா கவனிக்கல மேடம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல பையன்கள்தான். கெட்டவர் ஒருவர் செய்வதை, நல்லவர்கள் பத்துப் பேர் இப்படித்தான் நடக்க விடுகிறார்கள்.

'பெண்ணுக்குப் பெண்தான் எதிரி' என்று நீங்கள் கேட்காவிட்டாலும் வேறு யாராவது கேட்பார்கள். "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கல்யாணமான மூன்றாம் மாதமே வயிற்றைப் பார்ப்பது அத்தைதான். தீட்டு நாளில் தள்ளி உட்காரச் சொல்வது மாமியார்தான். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் நானே பார்த்தேன். கணவர் போன பிறகு டெய்லரிங் செய்து ஒரே மகனைப் படிக்க வைத்த அம்மா, அவன் தாலி கட்டும் நேரத்தில் மேடைக்குக் கீழே தூண் பக்கம் நிற்கிறார். ஆரத்தி எடுக்கிறார்கள், மாலை எடுத்துக் கொடுக்கிறார்கள், அட்சதை தூவுகிறார்கள், எல்லாம் சுமங்கலிகள். அவரைத் தள்ளி நிற்கச் சொன்னதும் ஒரு பெண்தான், அவருடைய சொந்த நாத்தனார். விதவை வந்தால் கோயில் தீட்டாகிவிடும் என்று தடுப்பது நாகரிகச் சமூகத்தில் நடக்கக்கூடாது என்று ஈரோடு மாவட்ட வழக்கு ஒன்றில் 2023-ல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மண்டபத்துக்கு நீதிமன்றம் வந்து நிற்க முடியாது.

அந்த நாத்தனாரை நான் எதிரி என்று சொல்லமாட்டேன். வெளியில் எங்கும் சொல்லுக்கு மதிப்பில்லாத ஒரு பெண்ணுக்கு, வீட்டுச் சடங்கில் மட்டும்தான் அதிகாரம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதையும் இன்னொரு பெண்ணின் மேல் மட்டும்தான் காட்ட முடியும். அன்றைக்கு மண்டபத்தில் மாப்பிள்ளை இருந்தார், மாமன்மார்கள் இருந்தார்கள், ஐயர் இருந்தார். "அவங்களை மேலே கூப்பிடுங்க" என்று அவர்களில் யார் சொல்லியிருந்தாலும் அந்த நாத்தனார் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். தடுத்தது பெண் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தடுத்ததை நிறுத்தக்கூடியவர்கள் பேசாமல் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆண் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அப்பா காலத்துக்குப் பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அக்கா பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பங்கு பற்றிய பேச்சை அக்கா எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அவரால் எடுக்க முடியாது. நீங்கள் எடுங்கள், சொந்தக்காரர்கள் முன்னிலையில் எடுங்கள். அவருக்கு வேண்டாம் என்றால் அதை அவர் தன் வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்லட்டும். உங்கள் வக்கீலிடம் பேசி அல்ல. இதைச் செய்கிற தம்பியை "அக்காவுக்கு எழுதிக் கொடுத்துட்டுத் தெருவில நிப்பான்" என்று சித்தப்பா பெரியப்பாக்கள் பேசுவார்கள். நாளைக்குக் கல்யாணமாகி, பாத்திரம் தேய்த்தால் 'பொண்டாட்டிதாசன்' என்பார்கள். இந்தப் பேச்சைத் தாங்குவதுதான் உங்கள் பங்குக்கு ஆகும் செலவு. தாங்கிவிடலாம், பெண்கள் தாங்குவதோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. வீட்டுக்கு வருபவர் அக்காவை விட்டுவிட்டு உங்களிடம் பேசினால் "அவங்கதான் முடிவு பண்ணணும், அவங்ககிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

தெருவும் பஸ்ஸும் கடைசியாக. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த ஆண்கள் செய்த தொல்லையில் உயிரிழந்தார். பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டின் தனிச் சட்டம் அந்த வருடம்தான் வந்தது. இன்றும் கூட்டமான பஸ்ஸில் ஊக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். இப்படி ஏதாவது உங்கள் கண்முன் நடந்தால் ஹீரோவாகச் சட்டையைப் பிடிக்க வேண்டாம். அந்தப் பெண்ணிடம், "நான் பார்த்தேன், என்ன செய்யணும் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் இறங்கிப் போகத்தான் நினைக்கிறார் என்றால் கூட இறங்கி நில்லுங்கள். புகார் கொடுக்க நினைத்தால் கண்டக்டரிடம் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மாநகரப் பஸ்கள் பலவற்றில் 2022 முதல் அவசரப் பொத்தானும் கேமராவும் இருக்கின்றன, பஸ் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் அந்தப் பதிவைப் போலீஸ் கேட்டு வாங்க முடியும். 1091, 181 இரண்டும் பெண்களுக்கான உதவி எண்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. அந்தப் பெண்ணோடு நிலையம்வரை போங்கள். உங்கள் பெயர், விலாசம், போன் நம்பரைச் சாட்சியாக எழுதிக் கொடுங்கள். ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்துக் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அன்றைக்கு ஆபீசில் லீவு சொல்லிவிட்டு எழும்பூருக்கோ சைதாப்பேட்டைக்கோ வந்து, பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள்.